சூரியன் வெடித்தால் குமரிக் கடலில் என்ன ஆகும்?

2024 மே 11, சனிக்கிழமை காலை. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு அண்ணன் போன் பண்ணினார். ஆழ்கடல் படகு ஓட்டுகிறவர். ஜூன் 1 வந்தால் நம் மேற்குக் கரையில் தடைக்காலம் தொடங்கிவிடும், அதற்குள் ஒரு சின்ன ஓட்டம் போய்வந்துவிட வேண்டும் என்று ஆட்களைச் சேர்த்து, டீசல் அடித்து, ஐஸுக்கும் சொல்லிவைத்திருந்தார். "மக்கா, சூரியன் வெடிச்சுப்போச்சாம், மூணு நாளைக்கு ஜிபிஎஸ், போன், கரண்டு ஒண்ணும் இருக்காதாம், குரூப்புல வந்துகிட்டே இருக்கு. நான் ஐஸ் ஏத்தட்டா, வேண்டாமா?" என்று கேட்டார்.

ஐஸ் ஏற்றிவிட்டுப் போகாமல் இருந்தால் கரைந்து ஓடுவது அவர் காசு. போனில் ஒரு பதில் சொன்னேன், அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் உள்ள விஷயம் பத்து நிமிடப் பேச்சில் அடங்காது. அதுவும் குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு சூரியப் புயலைப் பற்றிப் பேசுவது, கனடாவில் இருந்து பேசுவது போல இல்லை. நாம் இருக்கும் இடம் அப்படி.

முதலில் சூரியனில் நடந்தது என்ன? அதற்கு முந்தைய நாள், 2019 டிசம்பர் கிரகணத்துக்கு வாங்கி அலமாரியில் கிடந்த கிரகணக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். ஆரஞ்சு நிறத் தட்டில் ஓரிடத்தில் பேனாவால் அழுத்திக் குத்தினது போல ஒரு கறுப்பு. தொலைநோக்கி எதுவும் தேவைப்படவில்லை. அந்தச் சின்னக் கறுப்பின் அகலம் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர், பூமியைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் பதினைந்து பூமி. (வெறுங்கண்ணாலோ, சாதாரணக் கூலிங் கிளாஸாலோ, எக்ஸ்ரே ஃபிலிமாலோ யாரும் பார்த்துவிடாதீர்கள், பார்வை போனால் திரும்ப வராது.)

இந்தக் கரும்புள்ளிகள் சூரியனின் காந்தப்புலம் முறுக்கேறிக் கிடக்கும் இடங்கள். சூரியன் கெட்டியான உருண்டை இல்லை என்பதால் அதன் நடுக்கோட்டுப் பகுதி ஒரு சுற்றைச் சுமார் 25 நாளில் முடிக்கிறது, துருவப் பக்கம் சுமார் 35 நாள் எடுத்துக்கொள்கிறது. ஈத்தாமொழிப் பக்கம் ராட்டில் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டாம். ஒரு முனை வேகமாகவும் மறுமுனை மெதுவாகவும் சுற்றினால் திரி முறுக்கேறும், அளவுக்கு மீறினால் தானாகவே சுருண்டு புரிபுரியாக மேலே எழும்பும். சூரியனில் அப்படி எழும்பி வளைந்த காந்தக் கோடுகள் ஒன்றோடொன்று உரசி, அறுந்து, வேறு விதமாக ஒட்டிக்கொள்ளும்போது முறுக்கில் சேர்ந்திருந்த ஆற்றல் சில நிமிடங்களில் கொட்டிவிடுகிறது. அதுதான் சோலார் ஃபிளேர், சூரியச் சுடர்வெடிப்பு. பெரிய வெடிப்பு ஒன்றில் வெளியாகும் ஆற்றல், இன்றைக்கு மனிதகுலம் முழுவதும் செலவழிக்கும் கணக்கில் பத்தாயிரம் வருடத்துக்கு மேல் வரும். எக்ஸ் கதிரின் அளவை வைத்து ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று வகை பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பத்து மடங்கு.

இங்கேதான் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் குழம்புகின்றன. சூரியனில் ஒரு பெரிய வெடிப்பு நடந்தால் நம்மை நோக்கி மூன்று விஷயங்கள் கிளம்பலாம், மூன்றும் மூன்று வேகத்தில் வருகின்றன, மூன்றும் செய்கிற வேலையும் வேறு. முதலில் வருவது ஒளி, அதாவது எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிரும், எட்டேகால் நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. அடுத்து, வேகம் பிடித்த புரோட்டான்கள், சில பத்து நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள். இவை செயற்கைக்கோள்களுக்கும் விண்வெளி வீரர்களுக்கும் ஆபத்து, தரையில் இருக்கிற நம்மைக் காற்றுமண்டலமும் காந்தப்புலமும் காத்துவிடுகின்றன. மூன்றாவதுதான் பிழம்பு வீச்சு. காந்தப்புலத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கோடிக்கணக்கான டன் பிளாஸ்மா, அதாவது மின்னேறிய வாயு, ஒரு முகில் போலப் புறப்பட்டு, ஒன்றிலிருந்து மூன்று நாளில், மிக வேகமானது முக்கால் நாளிலேயே, பூமியை வந்து முட்டும். சுடர்வெடிப்பு நடந்தால் பிழம்பு வீச்சும் நடந்தே தீரும் என்று இல்லை. நடந்தாலும் நம் பக்கம்தான் வரும் என்றும் இல்லை.

முதல் விஷயத்துக்கு முன்னெச்சரிக்கை கொடுக்க எவராலும் முடியாது. ஒளியை முந்திக்கொண்டு வந்து செய்தி சொல்ல எதுவும் கிடையாது, வெடிப்பு நடந்தது தெரியும் நொடியிலேயே அதன் விளைவும் தொடங்கிவிடும். அந்த எக்ஸ் கதிர்கள் தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள காற்றை அயனியாக்கிவிடுகின்றன, அதாவது அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. சிற்றலை வானொலி அதற்கும் மேலே, 200, 300 கிலோமீட்டரில் பட்டுத் திரும்பி வருவதால்தான் கடல் தாண்டிக் கேட்கிறது. கீழே அடர்ந்துபோன அடுக்கு போகும்போதும் வரும்போதும் அலையைக் குடித்துவிடுகிறது.

என் தாத்தா மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் இலங்கை வானொலியைச் சிற்றலையில் வைத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடப்பார். சில நாள் பாட்டு நடுவில் அப்படியே அமுங்கிப்போகும். இரைச்சல் கூட இருக்காது, கிணற்றுக்குள் போட்டது போல ஒரு அமைதி. ஊசியைத் திருகுவார், பேட்டரியைக் கழற்றித் தேய்த்துப் போடுவார், கடைசியில் பெட்டியில் ஒரு தட்டு. அரை மணி, முக்கால் மணி கழித்து எங்கிருந்தோ பாட்டு மெல்ல ஏறி வரும். எல்லாமே சூரியன் வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பட்டப்பகலில், திடீரென்று விழுந்து, மெதுவாக எழும்பி வருவதுதான் சுடர்வெடிப்பால் வரும் வானொலி மயக்கத்தின் அடையாளம்.

பட்டப்பகலில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சூரியனைப் பார்த்திருக்கும் பாதிப் பூமிக்குத்தான் இந்தப் பாதிப்பு. அதே மே மாதம் 14-ஆம் தேதி அதே கரும்புள்ளிக் கூட்டத்திலிருந்து எக்ஸ் 8.7 என்ற அளவில், கரும்புள்ளிகள் பதினொரு வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும் சூரியச் சுழற்சியில், அந்தச் சுழற்சிக்கு அதுவரையில் பெரிய வெடிப்பு நடந்தது. அப்போது நமக்கு ராத்திரி பத்தேகால் தாண்டியிருந்தது. நம் தலைக்கு மேல் எதுவும் நடக்கவில்லை. அதுவே பகலில் நடந்திருந்தால் அரபிக்கடல் மேல் பறக்கும் விமானங்கள் தரையோடு பேச வைத்திருக்கும் சிற்றலை கொஞ்ச நேரம் ஊமையாகியிருக்கும். 2017 செப்டம்பரில் கரீபியன் தீவுகளை இர்மா புயல் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் எக்ஸ் 9.3 வெடிப்பு நடந்து, மீட்பு வேலைக்கு நம்பியிருந்த சிற்றலைத் தொடர்பு அறுந்தது. வானத்துப் புயலும் கடல் புயலும் ஒரே நாளில் வரக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. அதே வருடம் நவம்பர் கடைசியில் ஒக்கியில் தொடர்பில்லாமல் தவித்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சரி, நம் இடத்தின் விசேஷத்துக்கு வருகிறேன். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

பூமிக்கு நிலநடுக்கோடு இருப்பது போலக் காந்த நடுக்கோடு என்று ஒன்று உண்டு. அந்தக் கோட்டில் ஒரு காந்த ஊசியை மேலும் கீழும் ஆடுகிற மாதிரி தொங்கவிட்டால் அது துளிகூடச் சாயாமல் தரைக்குச் சமமாக நிற்கும். இந்தியாவில் அந்தக் கோடு கடந்து போவது நம் தென்கோடியில், குமரியையும் நெல்லையையும் ஒட்டித்தான். காந்தக் கோடுகள் இப்படிப் படுத்துக் கிடப்பதால், சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் ஒடுங்கி, கிழக்கு நோக்கிப் பாய்கிறது. சில நூறு கிலோமீட்டர் அகலத்தில், பல்லாயிரம் ஆம்பியர் ஓடும் ஒரு மின்சார ஆறு. பூமியைச் சுற்றி எந்தெந்த ஊர் மேல் காந்த நடுக்கோடு போகிறதோ அங்கெல்லாம், பெருவில், எத்தியோப்பியாவில், நம் ஊரில், விடிந்தால் ஓடத் தொடங்கி அந்தி சாய்ந்தால் அடங்கும். மின்தாரை என்று சொல்லலாம்.

விக்ரம் சாராபாய் ராக்கெட் விட இடம் தேடி திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்ற மீனவக் கிராமத்துக்கு வந்து சேர்ந்ததற்கு இந்த ஆறுதான் காரணம். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. பலூன் எட்டாத, செயற்கைக்கோள் இறங்காத அந்த உயரத்துக்குள் நேரடியாகப் போய்ப் பார்க்க ராக்கெட்டைவிட்டால் வழி இல்லை. அதற்கும் நூறு வருடத்துக்கு முன்னாலேயே, நாம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், ஜான் ஆலன் புரோன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தில் உட்கார்ந்து காந்த ஊசியின் அசைவை எழுதிக்கொண்டிருந்தார், அது போதாதென்று 1850-களில் அகத்தியர் மலை உச்சியிலும் ஒரு ஆய்வுக்கூடம் கட்டினார். அட்டைக்கடியும் யானையும் உள்ள அந்தக் காட்டுவழியில் கருவிகளைச் சுமந்து ஏறியவர்கள் நம் ஆட்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. இன்றைக்கு அந்த வேலை திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் நடக்கிறது. பகலில் ஒரு பெரிய சுடர்வெடிப்பு நடந்தால் நம் மேலே ஓடும் ஆறு சில நிமிடங்களுக்குப் பெருகும், அங்கே உள்ள காந்தமானியில் கோடு திடீரென்று ஒரு கொக்கி போல மேலே ஏறி இறங்கும்.

அப்புறம் மூன்றாவது விஷயம், பிழம்பு வீச்சு. இது வந்து முட்டினால் பூமியின் காந்தப்புலமே நாள்கணக்கில் ஆட்டம் காணும், அதுதான் காந்தப்புயல். 1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது கண்ணெதிரே வெள்ளை வெளிச்சம் பளிச்சிட்டதைப் பார்த்தார். பதினேழரை மணி நேரத்தில் புயல் பூமிக்கு வந்துவிட்டது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகளில் பொறி பறந்தது. அந்தப் புயல் எவ்வளவு பெரியது என்று இன்றைக்கும் கணக்குப் போட உலகம் கையில் எடுப்பது பம்பாய் கொலாபா ஆய்வுக்கூடத்தின் ஏட்டைத்தான். சுமார் 1600 நானோடெஸ்லா (காந்தப்புலத்தின் பலத்தை அளக்கும் அலகு) சரிவு என்று அங்கே உள்ளவர்கள் கண்ணால் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள். பின்னாளில் பம்பாயில் மின்சார டிராம் ஓடப்போகிறது, ஊசி கலங்கிப்போகும் என்று அந்தக் காந்த ஆய்வுக்கூடத்தையே கடல் தாண்டி அலிபாக்குக்கு மாற்றினார்கள். அவ்வளவு கவனம்.

கரண்டு போகும் என்ற பயம் வந்தது 1989-லிருந்து. மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தொண்ணூறு நொடியில் மொத்த மின்கட்டமைப்பும் விழுந்து, 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். காந்தப்புலம் வேகமாக ஆடினால் தரையில் மின்னழுத்தம் உண்டாகும், அது நீளமான மின்பாதைகள் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஏறும். ஆனால் அந்த ஆட்டம் மிகக் கடுமையாக இருப்பது துருவ ஒளி தோன்றும் வடக்குப் பகுதிகளில். அதோடு கியூபெக்கின் அடியில் இருப்பது மின்சாரத்தை எளிதில் கடத்தாத பழைய பாறை, அதனால் மின்னோட்டம் கம்பியைத் தேடிப் போனது. நம் தலைக்கு மேல் மின்தாரை ஓடுவதால் பூமத்திய ரேகைப் பகுதியிலும் சிறிய அளவில் இது நடக்கிறது என்று ஆய்வாளர்கள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள், அது சரியான வேலை. ஆனால் முப்பந்தல் காற்றாலையும் கூடங்குளமும் கியூபெக் மாதிரி விழுந்துவிடும் என்று பரப்புவது வெறும் பீதி. 2024 மே 10 ராத்திரி பத்தரை மணிவாக்கில் தொடங்கிய புயல் இருபது வருடத்தில் வந்ததிலேயே பெரியது, லடாக்கில் ஹான்லே வானத்தைச் சிவக்க வைத்தது. அந்த ராத்திரி நம் வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

செல்போனும் அப்படித்தான். டவருக்கும் போனுக்கும் நடுவில் அயனி மண்டலமே, அதாவது சிற்றலையைத் திருப்பி அனுப்புகிற அந்த உயரத்துக் காற்றே, கிடையாது. இணையம் மாதக்கணக்கில் போய்விடும் என்ற பேச்சுக்கு மூலம், 2021-இல் கலிஃபோர்னியாவில் சங்கீதா அப்து ஜோதி என்ற ஆய்வாளர் கடலடிக் கேபிள்களைப் பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரை. ஒளியிழைக்குப் புயலால் ஒன்றும் ஆகாது, வழியில் சமிக்ஞையைத் தூக்கிவிட வைத்திருக்கும் கருவிகளின் மின்பாதைக்குத்தான் ஆபத்து என்றும், வடக்கே உள்ள கேபிள்களுக்கே அது அதிகம் என்றும் அவர் எழுதினார். ஃபார்வர்டில் அந்த இரண்டாம் பாதி மட்டும் எங்கோ விழுந்துபோனது. வெயிலைப் பற்றியும் ஒரு வரி. அக்னி நட்சத்திரத்தில் தகிப்பதற்குச் சூரியப் புயல் காரணமில்லை. பதினொரு வருடச் சுழற்சி முழுவதிலும் சூரியன் நமக்குக் கொடுக்கும் மொத்த ஆற்றல் மாறுவது சுமார் 0.1 சதவீதம்தான்.

அப்படியானால் நாம் கவலைப்பட ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. ஜிபிஎஸ்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் சமிக்ஞை அயனி மண்டலத்தைக் கடந்துதான் நம் கருவிக்கு வர வேண்டும், கடக்கும்போது தாமதமாகிறது. கருவி அந்தத் தாமதத்தை ஒரு சராசரிக் கணக்கு வைத்துக் கழித்துக்கொள்கிறது. கணக்குக்கு அடங்காமல் அயனி மண்டலம் ஆடும் இடம் உலகத்திலேயே காந்த நடுக்கோட்டுப் பகுதிதான். பொழுது சாய்ந்ததும் அயனி மண்டலத்தின் மேலடுக்கு எழும்பும், அடியில் உள்ள அடர்த்தி சட்டென்று குறையும். பதநீர் காய்ச்சும்போது அடியிலிருந்து குமிழி பொத்துக்கொண்டு மேலே வருமே, அதுபோல அடர்த்தி குறைந்த குமிழிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலே ஏறும். மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இது மிகவும் அதிகம். சூரியச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் வருடங்களில் இன்னும் அதிகம், 2024 அப்படிப்பட்ட வருடம்.

அந்த மார்ச்சில் ஒரு ராத்திரி எட்டு மணி சுமாருக்கு இதே அண்ணனின் படகில் இருந்தேன். படகு துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. திரையில் செயற்கைக்கோள்களின் கம்பங்கள் ஒன்று விழும், இன்னொன்று எழும், நட்சத்திரம் மினுக்குவது போல. படகைக் காட்டும் அம்புக்குறி, கட்டிக் கிடந்த படகை இழுத்துக்கொண்டு சின்னப் பிள்ளை சிலேட்டில் கிறுக்குவது போல அங்கும் இங்கும் கோடு போட்டது. "ராத்திரியானா இது இப்படித்தான் மக்கா, கொஞ்ச நாளா பேய் பிடிச்ச மாதிரி ஆடுது" என்றார். கருவி கெட்டுவிட்டதென்று மெக்கானிக்கிடம் கொடுத்து இரண்டு தடவை காசும் செலவழித்திருக்கிறார். கருவியில் ஒரு கோளாறும் இல்லை. குமிழி கடந்து போகும்போது எல்லாருடைய கருவியும் அப்படித்தான் ஆடும். அதிர்வெண் கூடினால் இந்தப் பாதிப்பு குறையும், ஜிபிஎஸ் மாதிரி இந்தியா வைத்திருக்கும் நாவிக் செயற்கைக்கோள்கள், அதிர்வெண் கூடின எஸ் பேண்டையும் பயன்படுத்துவதில் இந்த நன்மை உண்டு.

காந்தப்புயல் வந்தால் குமிழிகள் கூடியே தீரும் என்றும் இல்லை. புயல் எந்த மணிக்குத் தொடங்குகிறது என்பதைப் பொறுத்துச் சில ராத்திரி பெருகும், சில ராத்திரி அடியோடு அடங்கும். இதை முன்கூட்டிச் சொல்வதில்தான் இன்னும் வேலை இருக்கிறது. 2023 செப்டம்பர் 2-இல் கிளம்பி 2024 ஜனவரி 6-இல் தன் இடத்தைச் சேர்ந்த ஆதித்யா எல்-1 பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைத் தூக்கிப்போன பிஎஸ்எல்வியின் இரண்டாம் கட்டத்தில் எரிவது விகாஸ் என்ஜின், அந்த என்ஜின் சோதிக்கப்படுவது ஆரல்வாய்மொழி தாண்டினால் தெரியும் மகேந்திரகிரியில். திட்டத்தை நடத்திய நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். அந்த இடத்தில் நிற்கும் விண்கலங்களைப் பிழம்பு முகில் கடந்த பிறகு நமக்குக் கிடைப்பது கால் மணியிலிருந்து ஒரு மணி நேர அவகாசம். கடலில் இருக்கும் ஒரு படகுக்கு அந்தத் தகவல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை. காற்று வேகம், அலை உயரம் சொல்வது போல "இன்று இரவு ஜிபிஎஸ் தடுமாறலாம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஏனென்றால் பிழை எவ்வளவு என்று பாருங்கள். சில மீட்டர் இருக்க வேண்டிய பிழை சில பத்து மீட்டர் ஆகும், சில நேரம் சமிக்ஞையே அறுந்து திரும்ப வரும். ஆழ்கடலில் முப்பது மீட்டர் ஒரு பொருட்டே இல்லை, வலை போட்ட இடத்தைத் தேடுவதில் கொஞ்சம் சுணக்கம், அவ்வளவுதான். ஆனால் தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் ஒரு பக்கம் மணல் திட்டும் இன்னொரு பக்கம் தூண்டில் பாறையும் இருக்க, இருட்டில் திரையைப் பார்த்து உள்ளே நுழைகிறவனுக்கு முப்பது மீட்டர்தான் எல்லாமே. அந்த வாயில் அலையில் கவிழ்ந்து எத்தனை உயிர் போயிருக்கிறது என்று அந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அதனால் அன்று காலை போனில் சொன்னது இதுதான். "ஐஸ் ஏத்துங்க அண்ணே. கரண்டுக்கும் போனுக்கும் ஒண்ணும் ஆகாது. ராத்திரி ஏழு மணிக்கு மேல ஜிபிஎஸ் குதிச்சா பத்திருபது நிமிஷம் பொறுங்க, தானா வரும். திரும்பி வரும்போது ராத்திரியில திரையை நம்பி வாய்க்குள்ள நுழையாதீங்க, வெளியிலயே கிடந்து விடிஞ்சு வாங்க."

"அப்போ காம்பஸ்?" என்று கேட்டார். வீல் ஹவுஸில் அவர் அப்பா காலத்துக் காம்பஸ் ஒன்று இருக்கிறது. காந்தப்புயல் என்ற பெயரைக் கேட்டால் அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. கொலாபா ஏட்டில் உள்ள அந்த 1600 நாளைக்கே திரும்ப வந்தாலும் நூற்றில் நான்கு பங்குதான் குறையும். அந்தக் குறைவும் நம்மைப் போலக் காந்த நடுக்கோட்டில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் வடக்கு தெற்காகவே அமையும். ஊசியை இழுக்கும் பலம் கொஞ்சம் தளரும், ஊசி காட்டும் திசை மாறாது. வடதுருவத்துப் பக்கம் ஊசி பாகைக் கணக்கில் தடுமாறும் அதே ராத்திரியில் குமரிக் கடலில் அது வடக்கைக் காட்டிக்கொண்டிருக்கும்.

"அப்போ அதைத் துடைச்சு வைக்கேன்" என்றார். அன்று மத்தியானமே ஐஸ் ஏற்றிவிட்டார்கள்.